நெஞ்சில் ஒரு ஹன்னூன்: பலஸ்தீனர்களுக்காக நினைவுப் பூ அணிவது எப்படி

மே மாதம் நெருங்கினால் தெரிந்தவர்களிடமிருந்து இந்தக் கேள்விகள் வரத் தொடங்கிவிடும். பலஸ்தீனர்களுக்காகச் சிவப்பாக ஒரு பூ குத்துகிறார்களே, அது என்ன பூ? எங்கே வாங்கலாம்? வேலைக்குக் குத்திக்கொண்டு போகலாமா? யாராவது சண்டைக்கு வந்தால் என்ன சொல்வது? ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதை விட ஒரே இடத்தில் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். நான் லண்டனில் இருக்கிறேன். ஆகவே இங்கத்தைய நடைமுறைதான் கூடுதலாக வரும். பூவைச் செய்யும் விதமும் அதன் பொருளும் எந்த ஊரிலும் ஒன்றுதான்.

முதலில் பூவைத் தெரிந்துகொள்ளுங்கள்

பலஸ்தீனர்கள் இதைப் பேச்சில் ஹன்னூன் என்பார்கள். எழுத்து அரபியில் ஷகாயிக் அந்நுஃமான். தோட்டக்காரர்களுக்கு அனிமோன் என்றால் தெரியும். ஹீரா நாட்டை ஆண்ட நுஃமான் என்ற அரசர் இந்தப் பூவை விரும்பிக் காத்தார், அதனால் அவர் பெயர் வந்தது என்று ஒரு கதை உண்டு. நுஃமான் என்பது இரத்தத்தைக் குறிக்கும் பழஞ்சொல் என்று சொல்பவர்களும் உண்டு. மாரி மழை விட்டதும் ஜனவரியிலிருந்து மார்ச் வரை மலைச்சரிவுகளிலும் வயல் ஓரங்களிலும் ஒலிவ மரங்களுக்கு அடியிலும் கூட்டம் கூட்டமாகப் பூக்கும்.

ஒரு பூவைக் கிட்ட வைத்துப் பாருங்கள். இதழ் சிவப்பு. நடுவில் கருநீலமும் கறுப்புமாக மகரந்தக் கூட்டம். அதைச் சுற்றி வெள்ளை வளையம். பூவுக்குக் கொஞ்சம் கீழே, தண்டைச் சுற்றி, கழுத்துப் பட்டி போலக் கிழிந்த பச்சை இலைகள். சிவப்பு, கறுப்பு, வெள்ளை, பச்சை. பலஸ்தீனக் கொடியின் நான்கு நிறமும் ஒரே பூவில் இருக்கின்றன.

இது அழகுக்காகச் சொல்லும் ஒற்றுமை என்று நினைத்துவிடாதீர்கள். 1967 போரில் மேற்குக் கரையையும் காஸாவையும் பிடித்த இஸ்ரேலிய இராணுவம் அதே ஆண்டு ஆகஸ்டில் 101-ஆம் இலக்கக் கட்டளையைப் போட்டது. அனுமதி இல்லாமல் கொடி காட்டுவது அதன்படி குற்றம். 1980-ல் ரமல்லாவில் ஓவியர்கள் நடத்திய ஒரு கண்காட்சிக் கூடத்தை இராணுவம் மூடியது. அன்று நடந்ததை ஓவியர் ஸ்லிமான் மன்ஸூர் பின்னால் பல முறை சொல்லியிருக்கிறார். இந்த நான்கு நிறங்களில் ஓவியம் வரையக்கூடாது என்று அதிகாரி சொன்னாராம். சரி, இந்த நிறங்களில் ஒரு பூவை வரைந்தால்? என்று கூட இருந்த ஓவியர் இஸ்ஸாம் பத்ர் கேட்டாராம். அதையும் பறிமுதல் செய்வோம், வத்தகப்பழம் (தர்பூசணி) வரைந்தாலும் பறிமுதல் செய்வோம் என்று பதில் வந்ததாம். வத்தகப்பழம் இன்று உலகம் முழுக்கப் பலஸ்தீனச் சின்னமாகிவிட்டது. அந்த உரையாடலில் முதலில் வந்தது பூ என்பது பலருக்கு ஞாபகத்தில் இல்லை.

புதிதாக வருகிறவர்கள் அதிகம் குழம்புவது இங்கேதான்: ஹன்னூனும் பிரித்தானியாவில் போரில் இறந்த படைவீரர் நினைவாக நவம்பரில் குத்தும் சிவப்புப் பொப்பியும் ஒன்றல்ல. பலஸ்தீனக் கிராமத்தவர்களே பேச்சில் இரண்டு செடியையும் ஹன்னூன் என்று சொல்வதுண்டு, அதனால் குழப்பம் இன்னும் கூடும். பொப்பிக்கு நான்கு இதழ், கடுதாசி போல மெல்லியது, தண்டை ஒடித்தால் பால் வரும், பூப்பது ஏப்ரலில். அனிமோனுக்குப் பெரும்பாலும் ஆறு இதழ், கொஞ்சம் தடிப்பு, பால் வராது. பொப்பிச் சின்னம் 1921 முதல் பிரித்தானியப் படைவீரர் சங்கம் விற்பது. வெள்ளைப் பொப்பி 1933-ல் கூட்டுறவுப் பெண்கள் சங்கம் தொடங்கியது. போரில் இறந்த எல்லோரையும், பொதுமக்களையும் சேர்த்து நினைப்பதற்கும் இனிப் போர் வேண்டாம் என்று சொல்வதற்கும் அது. மூன்றுக்கும் மூன்று வரலாறு. ஒன்றை எடுத்து இன்னொன்றின் நிறத்தில் வெட்டி ஒட்டிக் குத்தாதீர்கள். அந்தப் பொப்பியில் தன் வீட்டு ஆளை நினைக்கிறவருக்கு அது வலிக்கும்.

2016-ல் பலஸ்தீன அரசு தேசிய மலராக ஏற்றது ஊதா நிற ஃபக்கூஆ ஐரிஸ். ஜெனினுக்குப் பக்கத்தில் இருக்கும் ஃபக்கூஆ கிராமத்தின் பெயர் அது. அதை அணிந்தாலும் சரிதான். ஆனால் தைத்துக் குத்த எளிதானதும், பார்த்தவுடன் பலஸ்தீனர் கண்டுகொள்வதும் ஹன்னூன்.

இன்னொரு விஷயத்தைத் தெரியாமல் குத்திக்கொண்டு போகாதீர்கள். இதே அனிமோன் இஸ்ரேலின் தேசிய மலரும்கூட. எபிரேயத்தில் கலனித் என்பார்கள். காஸா எல்லையை ஒட்டிய வயல்களில் பிப்ரவரியில் இது சிவப்புக் கம்பளமாக விரியும், பார்க்கக் குடும்பம் குடும்பமாக வருவார்கள். 2023 அக்டோபர் 7 அன்று ஹமாஸ் தாக்குதலில், தெற்கு இஸ்ரேலில் ரெயீம் பக்கத்தில் நடந்த இசை விழாவில் கொல்லப்பட்டவர்களின் நினைவிடத்திலும் இந்தச் சிவப்புப் பூவைத்தான் வைத்திருக்கிறார்கள். யாராவது ஒருவர், இது எங்கள் பூ, நீ ஏன் குத்தியிருக்கிறாய் என்று கேட்டால் திகைக்க வேண்டாம். அந்த மண்ணில் முளைக்கும் பூ அது, வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் முளைக்கிறது என்று சொல்லுங்கள். அவர் தன் ஆட்களை நினைத்துக் கேட்டால் நின்று கேளுங்கள்.

பூவுக்கு ஒரு ஊர்ப்பெயர் கொடுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் நினைவில் வைப்பீர்கள் என்றால் இதை வையுங்கள். பூவை வெறுமனே குத்தாதீர்கள், ஒரு ஊரின் பெயரோடு குத்துங்கள்.

1948-ல் இஸ்ரேல் உருவானபோது நடந்த போரில் 7 லட்சத்துக்கும் மேற்பட்ட பலஸ்தீனர்கள் துரத்தப்பட்டோ தப்பி ஓடியோ ஊரை இழந்தார்கள். அதைத்தான் நக்பா, பேரழிவு என்கிறார்கள். வரலாற்றாளர் வாலித் காலிதியும் அவரோடு சேர்ந்தவர்களும் 1992-ல் வெளியிட்ட பட்டியலில் ஆளற்றுப்போன ஊர்கள் 418. காஸாவில் இருப்பவர்களில் பெரும்பான்மையினர் அந்த ஊர்களிலிருந்து வந்த அகதிகளும் அவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும். 2023 அக்டோபரில் தொடங்கிய போரில் காஸாவில் கொல்லப்பட்டோர் எண்ணிக்கை 70,000-ஐத் தாண்டியதாகக் காஸா சுகாதார அமைச்சு 2025 நவம்பர் இறுதியில் சொன்னது. இவ்வளவு பெரிய எண்ணை ஒரு மனிதரால் மனதில் வைத்திருக்க முடியாது. ஒரு ஊரை வைத்திருக்கலாம்.

நான் சொல்லும் சில ஊர்களிலிருந்து ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். லிஃப்தா, ஜெருசலேமின் வாசலில் இருக்கிறது. மக்கள் போனபிறகும் கல்வீடுகள் இன்றும் ஆளில்லாமல் நிற்கின்றன. தெய்ர் யாஸீன், 1948 ஏப்ரல் 9 அன்று நூறுக்கும் மேற்பட்டவர்கள் கொல்லப்பட்ட ஊர். ஸஃபூரிய்யா, நாசரேத்துக்குப் பக்கத்தில், மாதுளைக்குப் பேர்போனது. லுப்யா, கலிலேயாவில்; இன்று அதன்மேல் பைன் காடு வளர்ந்திருக்கிறது. அல்-மஜ்தல், நெசவாளர் ஊர், அங்கே கடைசியாக எஞ்சியிருந்தவர்கள் 1950-ல் காஸாவுக்கு அனுப்பப்பட்டார்கள். இம்வாஸ், 1967-ல் இடிக்கப்பட்டது, இப்போது அங்கே பூங்கா.

ஊரைத் தேர்ந்தபிறகு அரை மணி நேரம் செலவழித்து அதைப் பற்றிப் படியுங்கள். அங்கே என்ன விளைந்தது, பள்ளிக்கூடம் இருந்ததா, மக்கள் எங்கே போனார்கள். இஸ்ரேலிலேயே சோக்ரோத் என்றொரு அமைப்பு 2002 முதல் இந்த ஊர்களுக்கு ஆட்களைக் கூட்டிப்போய்ப் பெயர்ப்பலகை நட்டு வருகிறது. நடத்துகிறவர்களில் யூதர்களும் இருக்கிறார்கள். பூவின் பின்பக்கம் ஊர்ப்பெயரைத் தைப்பது எனக்கு அந்தப் பலகைகளைப் பார்த்து வந்த யோசனை.

அதனால் என்ன நடக்கும் என்று ஒரு சம்பவம் சொல்கிறேன். என் முதல் பூவின் பின்னால் கறுப்பு நூலில் லுப்யா என்று தமிழில் தைத்திருந்தேன். எட்ஜ்வேர் ரோட்டில் ஒரு மளிகைக் கடையில் காசு கொடுக்க வரிசையில் நின்றபோது முன்னால் நின்ற வயதான அம்மா திரும்பிப் பார்த்தார். விரலை நீட்டிப் பூவின் நடுவைத் தொட்டு, "ஹன்னூன்" என்றார். நான் தலையாட்டினேன். என்ன தோன்றியதோ, பூவைக் கொஞ்சம் திருப்பிப் பின்பக்கத்தைக் காட்டினேன். அவருக்குத் தமிழ் எழுத்துப் புரியாதே. "லுப்யா" என்று வாசித்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். அவருடைய தாய் ஸஃபூரிய்யாவாம். "பக்கம்தான், பக்கம்தான்" என்று இரண்டு தரம் ஆங்கிலத்தில் சொன்னார். பின்னால் நின்றவர்கள் பொறுமையாக நின்றார்கள். அந்த இரவே அடுத்த பூவுக்குத் துணி வெட்டினேன்.

செய்வது

கடையில் எனாமல் பட்டனும் கிடைக்கும், வாங்கலாம். ஆனால் கையால் செய்வது நல்லது என்பது என் அபிப்பிராயம். ஒரு பின்னேரம் போதும், முதல் முறை முக்கால் மணி நேரம் ஆகும், பழகினால் இருபது நிமிடம். உண்மையான பூவைக் குத்த நினைக்காதீர்கள். தண்ணீர் இல்லாமல் அனிமோன் சீக்கிரம் வாடிவிடும். மே மாதம் அது மலையில்கூட இருக்காது.

வேண்டியவை: சிவப்பு, வெள்ளை, கறுப்பு, பச்சை ஃபெல்ட் துணி, தைக்கும் கடையில் சிறு துண்டுகளாக மலிவாகக் கிடைக்கும். கறுப்பு நூல், சிவப்பு நூல், ஊசி, கூர்மையான சின்னக் கத்தரி, 3 சென்டிமீட்டர் அளவில் ஒரு சேஃப்டி பின்.

சிவப்புத் துணியில் ஆறு இதழ் வெட்டுங்கள். ஒவ்வொன்றும் 3 சென்டிமீட்டர் நீளம், அகலமான இடத்தில் 2 சென்டிமீட்டர். அடி ஒடுங்கி, மேல் வட்டமாக இருக்கட்டும். எல்லாம் அச்சில் வார்த்தது போல ஒரே அளவாக இருக்கத் தேவையில்லை. மலையில் பூக்கும் எதுவும் அப்படி இல்லை. முதலில் மூன்று இதழை மூன்று திசையில் வைத்து நடுவில் இரண்டு தையல் போடுங்கள். மிச்சம் மூன்றை இடைவெளிகளுக்கு மேல் வைத்து மறுபடி தையுங்கள். இதழின் அடியைச் சற்றே மடித்துத் தைத்தால் பூ கிண்ணம் போல நிமிரும். மடிக்காவிட்டால் தட்டையாகக் கிடக்கும்.

வெள்ளையில் 2 சென்டிமீட்டர் வட்டம் வெட்டி, ஓரத்தைச் சுற்றிவரச் சின்னச் சின்னதாகக் கத்தரியால் கீறிவிடுங்கள். அதன்மேல் 1 சென்டிமீட்டர் கறுப்பு வட்டம். இரண்டையும் சேர்த்து நடுவில் தையுங்கள். இப்போது கறுப்பு நூலால் வெள்ளை வளையத்தின்மேல் பத்துப் பன்னிரண்டு முடிச்சுத் தையல்: ஊசியில் நூலை இரண்டு சுற்றுச் சுற்றி, வந்த இடத்துக்குப் பக்கத்திலேயே இறக்க வேண்டும். இதுதான் மகரந்தம். இந்த முடிச்சுகள் இல்லாவிட்டால் தூரத்திலிருந்து பார்ப்பவருக்குப் பொப்பியாகவே தெரியும். ஆகவே சோம்பல் படாமல் போடுங்கள்.

பச்சையில் மூன்று ஒடுங்கிய இலைகள், நுனியைக் கிழித்துவிட்டு, பூவின் அடியிலிருந்து வெளியே எட்டிப் பார்க்கும்படி வையுங்கள். கடைசியாக 2.5 சென்டிமீட்டர் பச்சை வட்டம். இதில்தான் ஊர்ப்பெயர். பூவோடு சேர்ப்பதற்கு முன்பே பெயரைத் தைத்துவிடுங்கள், அப்புறம் ஊசி நுழையாது. தமிழ் எழுத்து வளைவானது, அதனால் பென்சிலால் எழுதி அதன்மேல் சின்னத் தையலாகப் போங்கள். நீண்ட பெயர் என்றால் இரண்டு வரி.

சேஃப்டி பின்னை வட்டத்தின் நடுவில் தைக்காதீர்கள். மேல் விளிம்புக்குக் கிட்ட, படுக்கையாகத் தையுங்கள். நடுவில் தைத்தால் பூவின் பாரத்தில் முகம் குனிந்து நிலத்தைப் பார்க்கும். எனக்கு முதல் மூன்று பூவும் அப்படித்தான் குனிந்தன. சூடான பசை வேண்டாம், இரண்டு மழையில் கழன்றுவிடும்.

தையலில் கை தேர்ந்தவர்கள் தத்ரீஸ் முயலலாம். பலஸ்தீனப் பெண்கள் தோப் எனும் நீண்ட அங்கியில் போடும் குறுக்குத் தையல் அது. 2021-ல் யுனெஸ்கோ அதைத் தன் பட்டியலில் சேர்த்தது. கட்டம் கட்டமாக இருக்கும் துணியில் சிவப்பு நூலால் போட வேண்டும். ஒவ்வொரு குறுக்கிலும் மேலே வரும் நூல் ஒரே பக்கம் சாய்ந்திருக்கட்டும். பின்பக்கமும் முன்பக்கம் போலச் சுத்தமாக இருந்தால்தான் நல்ல கை என்பார்கள். பலஸ்தீனப் பெண்களிடமே வாங்க நினைத்தால், 1969 முதல் லெபனான் அகதி முகாம்களில் தையல் வேலை கொடுத்துவரும் இனாஷ் போன்ற சங்கங்களைத் தேடுங்கள். எங்கே தைத்தது, யாருக்குப் பணம் போகிறது என்று விற்பவரால் சொல்ல முடியாவிட்டால் விட்டுவிடுங்கள்.

எப்போது குத்துவது

முக்கியமான நாள் மே 15, நக்பா தினம். ஒரு வாரம் முன்னதாகவே குத்தலாம். மார்ச் 30 நில தினம். 1976-ல் கலிலேயாவில் நிலப் பறிப்பை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்த இஸ்ரேலியக் குடியுரிமையுள்ள பலஸ்தீனர் ஆறு பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அந்த நேரம் ஹன்னூன் மலையில் இருக்கும் காலமும்கூட. செப்டம்பர் 16 முதல் 18, பெய்ரூத்தின் சப்ரா, ஷத்தீலா பகுதிகளில் 1982-ல் பலஸ்தீன அகதிகள் படுகொலை செய்யப்பட்ட நினைவு. நவம்பர் 29, ஐ.நா. 1977-ல் அறிவித்த பலஸ்தீன மக்களுடனான ஒருமைப்பாட்டு நாள். 1947-ல் நாட்டைப் பிரிக்கும் தீர்மானம் நிறைவேறிய தேதி அது. வருடம் முழுக்கக் குத்துகிறவர்களும் உண்டு. தவறில்லை. ஆனால் தினமும் குத்தினால் கண்ணுக்குப் பழகி, உங்களுக்கே அது பட்டன் போல ஆகிவிடும்.

நவம்பர் முதல் இரண்டு வாரம் பிரித்தானியாவில் பொப்பிக் காலம். அப்போது ஹன்னூனை விலக்கி வைப்பதா என்று கேட்கிறார்கள். நான் விலக்குவதில்லை. 2023 நவம்பர் 11 அன்று லண்டனில் போர்நிறுத்தம் கேட்டு நடந்த ஊர்வலத்தில் பொலிஸ் கணக்குப்படியே மூன்று லட்சம் பேர் போனார்கள். முதல் உலகப் போர் நின்ற அந்த நாளில் போர் நிறுத்தம் கேட்பது அந்த நாளுக்கு அவமதிப்பு என்று நான் நினைக்கவில்லை. இரண்டும் குத்துவதென்றால் ஒன்றின்மேல் ஒன்று வராமல் இடைவெளி விட்டுக் குத்துங்கள். நினைவு அஞ்சலி நடக்கும் இடத்தில் மௌனம் காக்கும் நேரம் எல்லோருக்கும் பொதுவானது. அங்கே வாக்குவாதம் கூடாது.

பொப்பிக்குப் பதிலாக வேறு பூ குத்துவது இலங்கையில் ஒரு காலம் பெரிய இயக்கமாகவே இருந்தது. பொப்பி விற்ற பணம் பிரித்தானிய வீரர்களுக்கே போகிறது, உள்ளூர் வீரர்களுக்கு இல்லை என்று 1931-ல் ஏலியன் பெரேரா பூவரசம்பூ விற்கத் தொடங்கினார். 1933-ல் டொரீன் யங் என்ற ஆங்கிலேய ஆசிரியை போன்றவர்கள் சேர்ந்தபிறகு அந்த சூரிய மல் இயக்கம் ஏகாதிபத்திய எதிர்ப்பாகவே மாறியது. நம் வேலியில் நிற்கும் மஞ்சள் பூவரசம்பூ அது. சட்டையில் குத்தும் ஒரு பூ எவ்வளவு பேசும் என்பதற்கு நமக்கு வெளியே போய் உதாரணம் தேடத் தேவையில்லை.

எங்கே குத்துவது

இடப்பக்க நெஞ்சில், தோள் எலும்புக்கு ஒரு சாண் கீழே. சேலையென்றால் தோளில் மடிப்பைச் சேர்த்துக் குத்தும் இடத்துக்குக் கீழே, மேலாக்கின் இரண்டு மடிப்பைச் சேர்த்துக் குத்துங்கள். ஒற்றை மடிப்பில் குத்தினால் துணி கிழியும். கம்பளிச் சட்டைக்கு உள்ளே ஒரு சின்ன ஃபெல்ட் துண்டை வைத்து அதையும் சேர்த்துக் குத்தினால் நூல் இழுபடாது. தலையில் வைக்க வேண்டாம். நம் வழக்கத்தில் தலைப்பூ மங்கலம். இது துக்கமும் நினைவும் சேர்ந்த பூ.

வேலையிடம் பற்றிக் கவனமாகச் சொல்ல வேண்டும். முதியோர் இல்லத்திலும் மருத்துவமனையிலும் வேலை செய்பவர்கள் சீருடையில் பின் குத்தக்கூடாது. நோயாளியைத் தூக்கும்போது கீறிவிடும். உணவுத் தொழிற்சாலையிலும் பின்னுக்கு இடமில்லை. அங்கெல்லாம் மேல்கோட்டில் குத்துங்கள், போகவர எல்லோரும் பார்ப்பார்கள். கடை, அலுவலகம் என்றால் சின்னங்கள் பற்றிய விதி என்ன என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். எல்லாச் சின்னங்களுக்கும் ஒரே விதியா என்பதுதான் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி. இங்கிலாந்தில் ஆசிரியர்களாக இருப்பவர்கள், பள்ளி அரசியல் விஷயங்களில் ஒரு பக்கம் சாயக்கூடாது என்று 1996 கல்விச் சட்டம் சொல்வதை மனதில் வைத்துத் தலைமை ஆசிரியரிடம் முதலே பேசிவிடுங்கள். எனக்குத் தெரிந்த ஒருவரைக் கேள்வி கேட்காமலே கழற்றச் சொன்னார்கள். அவர் கோபத்தில் அன்றே வேலையை விட்டுவிட்டார். விட்டிருக்கத் தேவையில்லை. பூவைக் கோட்டுக்கு மாற்றிவிட்டு, விதியை எழுதிக் கேட்டிருக்கலாம்.

பூவுக்குப் பக்கத்தில் வேறு எதைக் குத்துகிறீர்கள் என்பதையும் பாருங்கள். தடைசெய்யப்பட்ட அமைப்பின் சின்னத்தைப் பொது இடத்தில் அணிவது பிரித்தானியாவில் 2000-ஆம் ஆண்டுப் பயங்கரவாதச் சட்டத்தின் 13-ஆம் பிரிவின்படி குற்றம். ஊர்வலத்தில் யாரோ கையில் திணிக்கும் ஸ்டிக்கரை என்னவென்று பார்க்காமல் ஒட்டிக்கொள்ளாதீர்கள். ஹன்னூன் எந்த அமைப்புக்கும் சொந்தமில்லை. அதைத் தனியாக இருக்க விடுங்கள்.

கேட்டால் என்ன சொல்வது

பத்துப் பேரில் எட்டுப் பேர் வெறும் ஆர்வத்தில்தான் கேட்பார்கள். "அழகாக இருக்கே, என்ன பூ?" அவர்களுக்கு இரண்டு வசனம் போதும்: "பலஸ்தீனத்துப் பூ. 1948-ல் அழிந்துபோன லுப்யா என்ற ஊரின் நினைவாகக் குத்தியிருக்கிறேன்." அவ்வளவுதான், மேற்கொண்டு கேட்டால் சொல்லுங்கள். பிரசங்கம் வேண்டாம்.

பிள்ளைகள் கேட்டால் ஊரிலிருந்தே தொடங்குங்கள். "ஒரு ஊர் இருந்தது, அங்கே நிறைய மாதுளை மரம் இருந்தது. அங்கே இருந்த ஆட்கள் திரும்பிப் போக முடியாமல் போய்விட்டது." என் மகளுக்கு அப்போது ஆறு வயது. "மரம் இருக்கா?" என்று கேட்டாள். தேடிப் பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.

யூத நண்பர் மனம் புண்பட்டுக் கேட்டால் சுற்றி வளைக்காதீர்கள். "உங்களுக்கு எதிராகக் குத்தவில்லை. அங்கே செத்தவர்களையும் ஊரிழந்தவர்களையும் நினைக்கிறேன். அக்டோபர் 7-ல் இறந்த ஆயிரத்து இருநூறு பேரை நினைத்தும் துக்கம் உண்டு." இதை வாயளவில் சொல்லாதீர்கள். உள்ளே இல்லாவிட்டால் பூவைக் குத்துவதற்கு முன் அதைக் கொஞ்சம் யோசியுங்கள். கோபமாகக் கத்துகிறவரிடம் ஒன்றும் சொல்லத் தேவையில்லை. ரயிலில் என்றால் அடுத்த பெட்டிக்கு மாறுங்கள்.

நம் ஆட்கள் கேட்கும் கேள்விதான் எனக்கு மிகக் கஷ்டம். போன வருடம் ஒரு பிறந்தநாள் வீட்டில் ஒரு அண்ணன் எல்லார் முன்னாலும் கேட்டார்: "தங்கச்சி, எங்களுக்கு நடந்தபோது யார் பூ குத்தினது?" அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. 2009-ல் முள்ளிவாய்க்காலில் ஷெல் விழுந்தபோது இதே லண்டன் நாடாளுமன்றத்துக்கு முன்னால் வாரக்கணக்கில் நின்றவர்கள் நாம். பார்த்துவிட்டுக் கடந்துபோனவர்களின் முகம் இன்னும் ஞாபகம் இருக்கிறது. நின்று, என்ன நடக்கிறது என்று கேட்டவர்களின் முகமும் ஞாபகம் இருக்கிறது. நான் அவரிடம் சொன்னது இது: "அண்ணா, மே 15-க்கும் மே 18-க்கும் நடுவில் இரண்டு நாள்தான். நான் இந்தப் பூவைப் பதினைந்தாம் தேதி குத்துவேன். பதினெட்டாம் தேதி கஞ்சி காய்ச்சி விளக்கேற்றும்போதும் கழற்ற மாட்டேன்." அவர் பிறகு ஒன்றும் சொல்லவில்லை. கார்த்திகைப் பூவை நெஞ்சில் குத்திப் பழகிய நமக்கு, இன்னொரு மக்களின் பூவை எப்படிக் குத்துவது என்று புதிதாகப் படிப்பிக்க வேண்டியதில்லை.

காசு சேர்த்தால்

ஐந்தாறு பூ செய்து பழகியதும் கோயில் வாசலிலும் சந்தையிலும் வைத்து விற்கலாமே என்று தோன்றும். நல்லதுதான். ஆனால் தெருவில் காசு சேர்க்க இங்கே அனுமதி வேண்டும், லண்டனில் அதைப் பொலிஸிடம் கேட்க வேண்டும். பணம் எங்கே போகிறது என்று எழுதி வையுங்கள், பற்றுச்சீட்டை அடுத்த வாரம் எல்லோருக்கும் காட்டுங்கள். நான் கொடுப்பது பலஸ்தீனர்களுக்கான மருத்துவ உதவி அமைப்புக்கு. பினாங்கில் பிறந்து சிங்கப்பூரில் வளர்ந்த எலும்பு அறுவை மருத்துவர் ஸ்வீ சாய் ஆங் 1982-ல் ஷத்தீலாப் படுகொலை நடந்தபோது அங்கே மருத்துவமனையில் வேலை செய்துகொண்டிருந்தார். அவரும் சேர்ந்து 1984-ல் தொடங்கியது அது.

கழற்றியபிறகு

பொப்பியைப் போல நவம்பர் முடிந்ததும் குப்பையில் போடுகிற பூ இது இல்லை. சேஃப்டி பின்னைத் துருப்பிடிக்காமல் துடைத்து, பூவைத் தட்டையாக நசுக்காமல் ஒரு பிஸ்கட் டின்னில் வையுங்கள். கூடவே ஒரு துண்டுக் கடுதாசியில் ஊர்ப்பெயரும், நீங்கள் படித்ததில் நாலு வரியும். என் டின்னில் இப்போது லுப்யாவும் ஸஃபூரிய்யாவும் இருக்கின்றன. ஸஃபூரிய்யாக் கடுதாசியின் பின்பக்கம் மகளின் கேள்வியை எழுதி வைத்திருக்கிறேன், இன்னும் பதில் தேடுகிறேன். இந்த வருடத்துக்குப் பச்சை வட்டம் வெட்டியாகிவிட்டது. அல்-மஜ்தல் என்று பென்சிலால் எழுதிவிட்டேன், கறுப்பு நூல்தான் முடிந்துவிட்டது, நாளைக்கு வாங்க வேண்டும்.